விரதத்தில் தின்ற மக்ரூன்

அக். 12, ஞாயிறு

காலையிலிருந்து மூட்டம். மழை வருவதுபோல வந்து ஏமாற்றிவிட்டுப் போனது. கடை லீவு. பெயிண்ட் டப்பாக்களை இறக்கித் துடைத்து அடுக்க வேண்டும் என்று பல ஞாயிறாக நினைப்பு. இன்றும் நினைத்ததோடு சரி.

கனி போன். பெங்களூரில் அங்கேயும் மூட்டமாம். முன்பெல்லாம் என் மகள் முதலில் கேட்பது சாப்பாடு, அடுத்தது சுகர். இப்போது கேள்வி மாறிவிட்டது.

"கனவு வந்துச்சாப்பா?"

வந்தது. யாரோ நைலான் கயிறு கேட்டு நிற்கிறார்கள். நான் அளந்துகொண்டே இருக்கிறேன். கயிறு முடியவே இல்லை.

"கனவுன்னு தெரிஞ்சுதா?"

தெரியவில்லை. தெரிந்திருந்தால் ஏன் உட்கார்ந்து கயிறு அளக்கப் போகிறேன்.

போன மாதம் ஊருக்கு வந்தபோது அவள் ஏற்றிவிட்ட கிறுக்கு இது. லூசிட் ட்ரீம் என்று பெயராம். தூங்கிக்கொண்டிருக்கும்போதே இது கனவு என்று நமக்குத் தெரிந்துவிடுமாம். தெரிந்தபின் எல்லாம் நம் இஷ்டம். பறக்கலாம், மலை ஏறலாம், வெளிநாடு போகலாம். நான் ஒன்றுதான் கேட்டேன்: சாப்பிடலாமா? சிரித்தாள். "எது வேணும்னாலும் சாப்பிடலாம்ப்பா. சுகர் ஏறாது." அன்றைக்குப் பிடித்துக்கொண்டது. இங்கே தெ.க. என்று எழுதுகிறேன். தெரிந்தே காணும் கனவு.

டாக்டர் விலக்கியவை: மக்ரூன். பரோட்டா. கருப்பட்டி மிட்டாய். டீயில் சீனி. இதில் மக்ரூன்தான் உயிரை வாங்குகிறது. என் கடையை ஒட்டினாற்போல் பேக்கரி. சாயங்காலமானால் முந்திரியும் சீனியும் முட்டையும் சேர்ந்து வேகிற வாசனை சுவரைத் தாண்டி வந்து கயிற்றுச் சுருள்மேல் உட்காரும். கயிறும் டர்பெண்டைனும் விற்கிறவன் மூக்குக்கு அது மட்டும் தப்பாமல் தெரியும்.

கனி சொன்ன பயிற்சி:
– எழுந்ததும் கனவை எழுத வேண்டும்.
– பகலில் அடிக்கடி கையைப் பார்த்து விரலை எண்ண வேண்டும். கனவில் விரல் கூடும், குறையும்.
– மூக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சு இழுக்க வேண்டும். மூச்சு வந்தால் கனவு.
– விடியுமுன் எழுந்து, கொஞ்ச நேரம் விழித்திருந்து, மறுபடி படுக்க வேண்டும். இதுதான் பலமான வழியாம்.

கடைசியது நடக்கிற காரியமாக இல்லை. அலாரம் அடித்தால் என் மனைவி வசந்தாதான் எழுகிறாள். வாசல் தெளித்துக் கோலமும் போட்டுவிடுகிறாள். நான் கயிறு அளந்துகொண்டிருக்கிறேன்.

அக். 14, செவ்வாய்

வெயில். வியாபாரம் மந்தம். செய்தது அசிங்கம்.

கடைக்குள் யார் வந்தாலும் ஒரு தடவை மூக்கைப் பிடித்துப் பார்ப்பது என்று பழக்கம் வைத்திருந்தேன். ஒரு காரியத்தோடு இன்னொன்றை முடிச்சுப் போட்டால் மறக்காது என்று கனிதான் சொன்னாள். மதியம் சேவியர் வந்தான். திரேஸ்புரத்துக்காரன், சொந்த வள்ளம், வெகுகாலமாக என் கடையில்தான் கயிறு. மீன் இறக்கிய கையோடு நேரே வந்திருக்கிறான். வாசலில் கால் வைத்தான், நான் மூக்கைப் பிடித்தேன்.

"என்ன அண்ணாச்சி, நாறுதா?"

"இல்லல்லா" என்றேன். மூக்கைப் பிடித்தபடியே சொன்னதில் அது வேறு மாதிரி வந்தது.

"கடல்ல இருந்து வாரவன் எப்படி இருப்பான். பூக்கடையில இருந்தா வாரேன்."

எடுத்த நங்கூரக் கயிற்றைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டான். பின்னாலேயே ஓடியிருக்கலாம். ஓடி என்ன சொல்ல? நீ நிஜமா கனவா என்று சோதித்தேன் என்றா? அது இதைவிடக் கேவலம்.

இரவு தூக்கம் நன்றாக. கனவு நினைவில்லை.

அக். 17, வெள்ளி

மழை. கடை திறக்கவில்லை. ஆஸ்பத்திரி.

வசந்தாவுக்கு இடது மார்பில் கட்டி. ஊசி குத்திச் சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். நடுவில் தீபாவளி லீவு. ரிப்போர்ட் 28ஆம் தேதி செவ்வாய்க்கிழமைதான்.



அவளுக்கு இது ஒரு மாதமாகத் தெரியுமாம். புதன்கிழமைதான் சொன்னாள், அதுவும் துணி மடித்துக்கொண்டே. ஏன் அப்போதே சொல்லவில்லை என்று சத்தம் போட்டேன்.

"நீங்க எப்பமும் கையைப் பாத்துக்கிட்டே இருந்தீக. என்ன கவலையோ, இதையும் ஏன் சேத்துச் சொல்லணும்னு இருந்துட்டேன்."

விரலை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு மாதம். பக்கத்தில் படுத்திருந்தவள் பயந்துகொண்டிருந்தாள், நான் கனவில் மக்ரூன் தின்ன வழி பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரத்தம் வேறு குறைவாம். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இந்த வருடம் சஷ்டி விரதம் கூடாது என்று லேடி டாக்டர் கண்டிப்பு. வசந்தா ஊசிக்குக்கூட கண் கலங்கவில்லை, இதற்குக் கலங்கினாள். ஆட்டோவில் வரும்போது மழைச்சாரலைத் துடைப்பதுபோல முகத்தைத் துடைத்தாள்.

"ஆறு நாளும் இருக்கக் கூடாதாம்லா."

எனக்கு நெஞ்சுவலி வந்த வருடத்திலிருந்து எனக்காக அவள் இருக்கிற விரதம். பாலும் பழமும்தான். ஒரு வருடம்கூட விட்டதில்லை. அந்த ஆறு நாளும் நான் என்ன செய்வேன்? அவளைச் சமைக்க வைக்க வேண்டாமே என்று வெளியே சாப்பிடுவேன். சுகர் வருவதற்கு முந்தின வருடங்களில் பரோட்டா, சால்னா. அதை அவளுக்குச் செய்கிற உபகாரமாக நினைத்திருக்கிறேன். எழுதிப் பார்த்தால் எப்படி இருக்கிறது.

அக். 20, திங்கள்

தீபாவளி. கனிக்கு லீவு இல்லை, வரவில்லை. அவளிடம் கட்டி விஷயம் சொல்ல வேண்டாம் என்று வசந்தா. ரிப்போர்ட் வரட்டும் என்கிறாள். சரி என்றேன். பேக்கரி அண்ணாச்சி டப்பா நிறைய மக்ரூன் கொடுத்தனுப்பினார். எதிர் வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம்.

விரதத்தை நான் இருக்கிறேன் என்று வசந்தாவிடம் சொன்னேன்.

"நீங்களா?"

கிண்டல் இல்லை. உண்மையிலேயே நம்பவில்லை. பிறகு, "சுகர் இருக்கே" என்றாள். சுகர் டாக்டருக்குப் போன் பண்ணிக் கேட்டேன். மதியம் ஒரு வேளைச் சோறு, காலையில் சீனி போடாத பால், ராத்திரி கொய்யாப்பழம். மாத்திரையைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார். "மயக்கம் வந்தா விரதமாவது ஒண்ணாவது, உடனே எதையாவது சாப்பிட்டுருங்க" என்றார்.

வேண்டுதல்: ரிப்போர்ட்டில் கெட்டது வரக்கூடாது. அவ்வளவுதான். எனக்கென்று ஒன்றும் கேட்கவில்லை.

விரதம் முடியும்வரை தெ.க. கிடையாது. விரல் எண்ணுவது இல்லை, மூக்கு இல்லை. இது முடிவு.

அக். 22, புதன். சஷ்டி ஆரம்பம்

விடியுமுன் எழுந்தேன். அலாரம் இல்லாமலே. குளிர்ந்த தண்ணீர் தலைக்கு. விளக்கேற்றிக் கும்பிட்டேன். வசந்தா பின்னால் நின்று திரி சரியில்லை என்று திருத்தினாள். கடை திறக்க நேரம் இருந்தது, மறுபடி படுத்தேன். படுத்த பிறகுதான் உறைத்தது. விடியுமுன் எழுந்து, விழித்திருந்து, மறுபடி படுப்பது. கனி சொன்ன பலமான வழி அப்படியே நடக்கிறது.

கனவு: துறைமுகத்துக்குள் லாரியில் போகிறேன். கேட்டில் பாஸ் கேட்கிறார்கள். பாஸில் இருக்கிற எழுத்து திரும்பத் திரும்ப மாறுகிறது. என்னவோ சரியில்லையே, கனவோ என்று கிட்டத்தட்டப் பிடித்துவிட்டேன். லாரி ஹாரன். விழிப்பு.

பசி எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. சாயங்காலம் பேக்கரி வாசனை வந்தபோது மட்டும் கடையை விட்டு இறங்கி ரோட்டில் நடந்தேன்.

அக். 23, வியாழன்

நல்ல மழை. ரோட்டில் முழங்கால் தண்ணீர். வியாபாரம் இல்லை.

காலையில் குளித்தபின் படுக்கக் கூடாது என்று தெரியும். விரதத்தில் மறுபடி படுப்பது தப்பு என்பது ஒன்று, தெ.க.வுக்கு அது வழி என்பது இன்னொன்று. இரண்டும் தெரிந்தே படுத்தேன். அசதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அசதி பாதிதான்.

மதியம் வசந்தா பருப்பும் கத்தரிக்காயும் வைத்திருந்தாள். தனக்குப் போடுமுன் எனக்கு இலை போட்டாள். நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறந்த நாள்காரனுக்குப் பரிமாறிவிட்டுப் பார்க்கிற மாதிரி.

"கஷ்டமா இருந்தா விட்டுருங்க."

"ஒண்ணுமில்ல."

"நெசமாவே இருக்கீகளே" என்றாள்.

அதைக் கேட்டு ஒரு பெருமை வந்தது. அந்தப் பெருமையோடுதான் சாயங்காலம்வரை இருந்தேன்.

அக். 24, வெள்ளி

எழுத வேண்டாம் என்று பார்த்தேன். எழுதாவிட்டால் மனதிலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

குளித்து, கும்பிட்டு, படுத்தேன். வேம்பார் ரோடு. இரண்டு பக்கமும் உப்பளம். உப்பை அம்பாரமாகக் குவித்து ஓலை போட்டு மூடியிருக்கிறார்கள், எப்போதும்போல. கிட்டே போனால் உப்பு இல்லை. மக்ரூன். குவியல் குவியலாக. இவ்வளவு மக்ரூனை யார் வெட்டவெளியில் போட்டு வைப்பார்கள், மழை வந்தால் கரைந்துபோகுமே என்று எனக்குக் கவலை. அந்தக் கவலையில்தான் பிடித்தேன். கையைப் பார்த்தேன். ஆறு விரல். மூக்கைப் பிடித்தேன். மூக்கு அடைத்திருக்கிறது, மூச்சு வருகிறது.

இது கனவு. நான் என் வீட்டில் பாயில் படுத்திருக்கிறேன். தெரிந்துவிட்டது. ஒரு மாதப் பாடு.  எல்லாமே பகலைவிடத் தெளிவாக இருந்தது, பாத்தியில் நின்ற தண்ணீரில் என் கால்கூடத் தெரிந்தது.

இதற்குமேல் உள்ளதுதான் காரியம். அடுத்த நிமிடமே ஞாபகம் வந்தது: சஷ்டி. அதன் பின்னால் வசந்தா. அதன் பின்னால் ரிப்போர்ட். மூன்றும் வரிசையாக, ஒன்றுகூடத் தப்பாமல் வந்தன. தூக்கத்தில் தெரியாமல் கை வைத்தேன் என்று சொல்லவே முடியாது. தெரிந்தது. தெரிந்து, வாய் விட்டே சொன்னேன்: "கனவுல தின்னா கணக்குல சேராது."

தின்றேன். மேலே மொறுமொறுப்பு, உள்ளே கரைகிறது, முந்திரி பல்லில் சிக்குகிறது. சுகர் வருவதற்கு முன்னால் இருந்த அதே ருசி, அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். இரண்டு கையாலும் தின்றேன். போதாதென்று பரோட்டா, ஆட்டுக்கறி நினைத்தேன். வந்தது. அதையும் தின்றேன். சீனி, முட்டை, கறி, ஒன்றையும் விட்டு வைக்கவில்லை.

கண் விழித்தால் வசந்தா பால் டம்ளரோடு நிற்கிறாள்.

"பால் ஆறுது. தூக்கத்துல சிரிச்சீகளே, நல்ல கனாவா?"

"ஆமா" என்றேன்.

"நல்லதுதான். விரத நாள்ல நல்ல கனா வந்தா நல்லது நடக்கும்பாக" என்றாள். டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அக். 25, சனி

மூட்டம். தூறல்.

காலையில் சுகர் பார்த்தேன். மெஷினில் ஒழுங்காக இருக்கிறது. கனி சொன்னது சரி, ஏறவில்லை. உடம்பு ஒன்றும் தின்னவில்லை. இதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். விரதம் உடம்புக்கா என்று உடனே பதில் வந்தது. பட்டினி கிடக்கிறவர்கள் எல்லாம் விரதம் இருக்கிறவர்களா? வேண்டாம் என்று மனது சொல்வதுதானே விரதம். என் மனது வேண்டும் என்றது. அதிலும் சும்மா இல்லை, கணக்கில் சேராது என்று வக்கீல் வைத்துச் சொன்னது.

கனியிடம் சொன்னேன். அம்மாவுக்காக விரதம் என்று சொல்லவில்லை, பொதுவாக சஷ்டி என்றேன். அவளுக்கு ஒரே சந்தோஷம்.

"அப்பா, நெசமாவா? எனக்கே இன்னும் வரலைப்பா."

"விரதத்துல தின்னுட்டேன்ளா."

"கனவுல தின்னா செரிக்கவா போகுது. போங்கப்பா."

அவள் பேச்சு அப்படியே நான் உப்பளத்தில் நின்று பேசின பேச்சு. அவளைக் குறை சொல்ல முடியாது. அவளுக்கு ரிப்போர்ட் பற்றித் தெரியாது. எனக்குத் தெரியும்.

மதியம் வசந்தா பாயாசம் வைக்கவா என்று கேட்டாள், சீனி போடாமல், பாலும் பாசிப்பருப்பும் மட்டும். வேண்டாம் என்றேன். "முகம் வாடிப்போச்சு உங்களுக்கு. எனக்காண்டி இந்தப் பாடு படுதீக" என்றாள். இலையில் சோறு இருந்தது. பாதியில் எழுந்தேன். விரதக் களைப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

இப்போது பயம் ஒன்றுதான். செவ்வாய்க்கிழமை ரிப்போர்ட்டில் ஏதாவது இருந்தால், அதற்குக் காரணம் அவள் உடம்பு இல்லை. நான் தின்ற தீனி. அப்படித்தான் வாழ்நாள் முழுக்க நினைப்பேன். புத்தி உள்ளவன் இப்படி நினைக்க மாட்டான் என்று தெரியும். தெரிந்து என்ன செய்ய.

பெயிண்ட் டப்பாக்களை அடுக்கி முடித்தேன். எல்லாவற்றையும்.

அக். 26, ஞாயிறு

இன்று குளித்தபின் படுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தே விடிந்தது.

சர்ச்சில் பூசை முடிந்திருக்கும் நேரம் பார்த்து திரேஸ்புரம் போனேன். நங்கூரக் கயிற்றை ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுபோனேன், அன்று கீழே வைத்துவிட்டுப் போனானே அதே கயிறு. சேவியர் வீட்டு வாசலில் வலையைப் பரப்பிக் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. மூக்கு விஷயத்தை உள்ளபடி சொன்னேன். கனவு, மூச்சு, கனி, எல்லாம். முதலில் வெறித்துப் பார்த்தான். பிறகு வலையைப் போட்டுவிட்டுச் சிரித்தான். பெண்டாட்டியைக் கூப்பிட்டு, "ஏளா, அண்ணாச்சி என்னைய கனாவான்னு சோதிச்சாராம்" என்றான். அந்தம்மா சிரிக்கவில்லை. டீ கொண்டு வந்தாள். விரதம் என்று சொல்லி வாங்கவில்லை. விரதம் என்ற சொல் வாயில் வந்தபோதே கூசியது.

திரும்புகிற நேரத்தில் கேட்டுவிட்டேன். என் கூட்டாளி ஒருவன் விரதத்தில் இருக்கும்போது கனவில் கறி தின்றுவிட்டான், அது குற்றமா என்று.

"எங்க ஞானோபதேசத்துல சொல்லிக் குடுப்பாக அண்ணாச்சி. பெரிய காரியமா இருக்கணும். முழு அறிவு இருக்கணும். முழுச் சம்மதம் இருக்கணும். மூணும் இருந்தாத்தான் சாவான பாவம். கனவுல அறிவு ஏது. போவச் சொல்லுங்க."

"அறிவு இருந்துச்சுன்னா?"

"கனவுலயா?"

"கனவுன்னு தெரியும். விரதம்னும் தெரியும். யாருக்காக இருக்கோம்னும் தெரியும்."

வலை ஊசியைக் கீழே வைத்தான். என்னைப் பார்த்தான். கூட்டாளி யார் என்று கேட்கவில்லை, அந்த மட்டில் பெரிய மனது.

"எங்காளுன்னா பாவசங்கீர்த்தனத்துக்குச் சாமியார்ட்ட போவான், செஞ்சதச் சொல்லிருவான். உங்க கூட்டாளி யார்ட்ட போவாரு?"

"தெரியல."

"யாருக்காக விரதம் இருந்தாரோ அவங்கள்ட்டதான் போவணும். வேற எங்கன போவ."

கயிற்றை வாங்கிக்கொண்டான். வரும் வழியெல்லாம் அந்த மூன்றையும் சொல்லிக்கொண்டே வந்தேன். பெரிய காரியம். முழு அறிவு. முழுச் சம்மதம். என் சாமியும் இல்லை, என் கோயிலும் இல்லை. ஆனால் சட்டை எனக்கென்றே தைத்தது.

வீட்டுக்கு வந்து சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன். வசந்தா கட்டி இருக்கிற பக்கத்தைக் கையால் பொத்தியபடி ஜன்னல் ஓரம் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை. இப்போது சொன்னால் நான் இறக்கி வைக்கிற சுமையை அவள் தூக்க வேண்டும். ரிப்போர்ட் வரட்டும்.

இது அவளுக்காக யோசித்ததா, எனக்காக யோசித்ததா என்று தெரியவில்லை.

அக். 27, திங்கள். சூரசம்ஹாரம்

திருச்செந்தூர். வசந்தா வரவில்லை, கூட்டத்தில் இடிபட வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். டிவியில் பார்க்கிறேன் என்றாள். பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள், பச்சைச் சேலை, ஆறு நாளும் கோயிலிலேயே தங்கியவர்கள் போல.

"நேத்து மயக்கம் வந்துருச்சு. எளநீர் குடின்னாக. பல்லுல படவிடல."

"ஆருக்கு வேண்டுதல்?"

"தம்பி மவனுக்கு."

தம்பி மகனுக்கே. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கடற்கரையில் தலைதான் தெரிந்தது, மணல் தெரியவில்லை. சூரன் ஒரு தலையை இழந்து இன்னொரு தலையோடு வந்தான், அதையும் இழந்து திரும்ப வந்தான். எல்லோரும் அரோகரா சொன்னார்கள். நானும் சொன்னேன். பக்கத்தில் ஒருவர் அழுதுகொண்டே சொன்னார். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், வாயில் வந்தது வேறு. என்னை என்ன வேண்டுமானாலும் செய், ரிப்போர்ட்டில் கை வைக்காதே என்று கேட்டேன். பேரம் பேசுகிற புத்தி. கடை வைத்துப் பிழைத்தவனுக்கு வேறு எப்படிக் கேட்க வரும்.

கடலில் முங்கினேன். செருப்பு ஒன்று போய்விட்டது. ஒற்றைச் செருப்போடு பஸ் ஏறினேன், பிறகு அதையும் கழற்றிவிட்டேன்.

அக். 28, செவ்வாய்

மழை இல்லை. நல்ல வெயில்.

ரிப்போர்ட் நல்லது. சாதாரணக் கட்டி. கெட்டது இல்லை. ஆறு மாதம் கழித்து ஒரு ஸ்கேன் பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். வசந்தா சரிங்க என்று மட்டும் சொன்னாள். நான் ரிப்போர்ட்டைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் என் கையைப் பிடித்துத் தூக்கினாள். வெளியே வந்து கனிக்குப் போன் பண்ணினோம். இவ்வளவு நாள் சொல்லவில்லை என்று அழுதாள், திட்டினாள், பிறகு சிரித்தாள்.

விரதம் முடித்தேன். கடை திறந்தேன். பேக்கரி வாசனை வந்தபோது இறங்கி நடக்கவில்லை, உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். நல்ல வேளை, சாமி கணக்கில் எடுக்கவில்லை என்று தோன்றியது. மனசு லேசாகத்தான் இருந்தது, இல்லை என்று எழுதினால் பொய்.

ராத்திரி வசந்தா தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்படியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சொல்லிவிட்டேன். உப்பளம், ஆறு விரல், மக்ரூன், கறி. சஷ்டி ஞாபகம் வந்தது, நீ ஞாபகம் வந்தாய், ரிப்போர்ட் ஞாபகம் வந்தது, அதன் பிறகுதான் தின்றேன் என்பதையும் சொன்னேன். இனி ஆபத்து இல்லை என்று ஆன பிறகு சொல்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. அதை மட்டும் சொல்லவில்லை.

கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு. வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தன மக்ரூன் தின்னீக?"

"எண்ணல."

"அதான் அப்பிடிச் சிரிச்சீகளா தூக்கத்துல."

கோபம் இல்லை. எனக்குத் தெம்பு வந்துவிட்டது. தட்டில் தோசையைப் பிட்டுக்கொண்டே கேட்டேன், சும்மாதான் கேட்டேன்.

"இத்தன வருசம் விரதம் இருந்தியே, உனக்கு இப்பிடி கனா வராதா?"

"வராம? வயிறு காஞ்சா வரத்தான் செய்யும். எனக்கு நண்டுக் கொழம்புதான் வரும். சட்டி சட்டியா."

"தின்னுருவியா?"

"சேச்சே. சஷ்டி, வேண்டாம்னு சொல்லிருவேன்."

"கனான்னு தெரியாமச் சொல்லிருப்ப."

"தெரியாம என்ன. அம்புட்டு நண்டை எனக்கு எவன் காச்சித் தருவான். கனாதான்னு தெரியும்."

நான் ஒரு மாதம் மூக்கைப் பிடித்த காரியம். அவள் அடுத்த தோசைக்கு மாவு ஊற்றினாள்.

"இந்த வருசமும் வந்துச்சு" என்றாள். "ஞாயித்துக்கெழம. எல போட்டு, நண்டு வச்சு, யாரோ உக்காருன்னாக. எந்திரிச்சு வந்துட்டேன்."

"இந்த வருசம் உனக்குத்தான் விரதம் கெடையாதே. மூணு நேரமும் சாப்பிட்டேல்லா. கனால தின்னா என்ன?"

"நீங்க இருந்தீகல்லா" என்றாள். தோசையைத் திருப்பிப் போட்டாள்.